ஜே.பி. மார்கன்: 6.8 கோடி டாலர் சொத்து வைத்திருந்தவர் 140 கோடி டாலர் கம்பெனியை உருவாக்கியது எப்படி?

#1 கல்தூண்

1913 மார்ச் 31 அன்று ரோமில் நியூயார்க் வங்கியாளர் ஜே.பி. மார்கன் இறந்தபோது, கலைப்பொருட்கள் நீங்கலாக அவர் விட்டுப்போன சொத்து 6.83 கோடி டாலர். ஓவியங்கள், கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் சேர்த்து இன்னொரு 5 கோடி என்று மதிப்பிட்டார்கள். பெரிய பணம்தான். ஆனால் 1901இல் தன் எஃகு ஆலைகளை விற்ற கார்னெகி, தன் பங்குக்கு மட்டும் வாங்கிக்கொண்ட கடன் பத்திரங்களின் முகமதிப்பே 22.5 கோடிக்கு மேல். ராக்ஃபெல்லர் அதையும் தாண்டியவர்.

அப்படியிருந்தும் ரயில், எஃகு, மின்சாரம், கப்பல் என்று எல்லாவற்றிலும் கடைசிக் கையெழுத்து மார்கனுடையது. "செல்வாக்கு" என்ற ஒரு சொல்லில் முடித்துவிடாமல், வேலை எப்படி நடந்தது என்று தெரிந்தவர்கள் கணக்கோடு எழுதுங்கள். யார் பணம், எந்த ஒப்பந்தம், எங்கே கமிஷன், எங்கே தவறியது?

#2 பேரேடு

லண்டனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பியர்பான்ட் மார்கன் (அதே ஜே.பி., பிறப்பு 1837, ஹார்ட்ஃபோர்ட்) கையை ஊன்றி எழுந்தவர் அல்ல. அப்பா ஜூனியஸ் மார்கன் 1854 முதல் லண்டனில் வங்கியாளர் ஜார்ஜ் பீபாடியின் கூட்டாளி. பீபாடி 1864இல் ஓய்வு பெற்றதும் கடை ஜூனியஸ் பெயருக்கு மாறியது. அமெரிக்காவில் ரயில் பாதை போட ஆசை இருந்தது, முதல் இல்லை. இங்கிலாந்தில் முதல் இருந்தது, போட இடம் இல்லை. அப்பா லண்டனில் பத்திரத்தை விற்பார், மகன் நியூயார்க்கில் அந்தப் பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்த்துக்கொள்வார். குடும்பத் தொழில் இதுதான்.

1871இல் பிலடெல்பியாவின் ஆன்டனி ட்ரெக்செலுடன் சேர்ந்து ட்ரெக்செல், மார்கன் அண்ட் கோ. ட்ரெக்செல் 1893இல் இறந்தார். 1895 முதல் ஜே.பி. மார்கன் அண்ட் கோ, 23 வால் ஸ்ட்ரீட். இது பங்கு வெளியிட்ட வங்கி இல்லை, கூட்டாளிகள் நடத்திய தனியார் கடை. கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்பு கிடையாது. கடை நஷ்டப்பட்டால் வீடு வரை போகும். வாசலில் இருந்த அந்தப் பெயரை நம்பித்தான் லண்டன்காரர் பணம் கொடுத்தார்.

முறை எப்படி உருவானது என்று காட்ட 1879 ஒன்று போதும். நியூயார்க் சென்ட்ரல் ரயிலில் பெரும்பங்கு வைத்திருந்த வில்லியம் வாண்டர்பில்ட் 2.5 லட்சம் பங்குகளை விற்க நினைத்தார். சந்தையில் கொட்டினால் விலை சரியும். மார்கன் ஒரு சிண்டிகேட் (சேர்ந்து வாங்கும் கூட்டு) சேர்த்து, பங்கு 120 டாலருக்கு மொத்தமாக எடுத்து, லண்டனில் சத்தமில்லாமல் விற்றுக் கொடுத்தார். கமிஷன் கிடைத்தது. அதைவிட முக்கியம், இங்கிலாந்துப் பங்குதாரர்களின் ஓட்டுரிமையை வாங்கிக்கொண்டு கம்பெனியின் இயக்குநர் குழுவில் ஓர் இடம் கேட்டு உட்கார்ந்தார். பத்திரத்தை விற்றவன் அதோடு போய்விடாமல், வாங்கியவர் சார்பில் உள்ளே காவலுக்கு உட்காருவது. கல்தூண் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த நாற்காலியில்தான் இருக்கிறது.

#3 தண்டவாளம்

பேரேடு சொன்ன நாற்காலி முழு அளவில் வேலைக்கு வந்தது 1893க்குப் பிறகு. அந்த வருட நெருக்கடியில் அமெரிக்க ரயில் கம்பெனிகள் வரிசையாக ரிசீவர் (நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகி) கைக்குப் போயின. ஈரி, ரீடிங், நார்தர்ன் பசிபிக், பிறகு சதர்ன் ஆன தெற்குப் பாதைகள் எல்லாம் மார்கன் பட்டறையில் ஏறி இறங்கின. அந்தச் செய்முறைக்கு "மார்கனைசேஷன்" என்றே பெயர் வந்துவிட்டது.

முதலில் மோசமான வருடங்களை எடுத்து, எவ்வளவு கெட்ட காலத்திலும் இந்தப் பாதை நிகரமாக எவ்வளவு சம்பாதிக்கும் என்று பார்ப்பார்கள். சராசரியைப் பார்த்தால் ஏமாந்துபோவோம், அடிமட்டம்தான் கணக்கு. கட்டாய வட்டி அந்த அடிமட்டத்துக்குக் கீழே வரவேண்டும்.

அடுத்து பத்திரக்காரரிடம் பேச்சு. என் கைக்கணக்கு உதாரணம்: ஒருவரிடம் 1,000 டாலருக்கு 6% பத்திரம் இருக்கிறது. வருடம் 60 டாலர் வரவேண்டும், வரவில்லை. அதற்குப் பதில் 4%இல் 1,000 டாலர் புதுப் பத்திரமும், மேலே 500 டாலருக்கு முன்னுரிமைப் பங்கும் (டிவிடெண்ட் முதலில் பெறும் பங்கு) தருகிறார்கள். கட்டாயம் 40 டாலர்தான். மீதி, லாபம் வந்தால். கம்பெனிக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது. அவருக்கும் நல்ல காலம் வந்தால் பழைய வருமானம் திரும்புகிறது. நார்தர்ன் பசிபிக்கில் 1896இல் வந்த புதுப் பத்திரங்கள் 4% (1997 வரை), 3% (2047 வரை). தவணை எவ்வளவு தூரம் தள்ளப்பட்டது பாருங்கள். 100, 150 வருடத்துக்கு அசலைத் திருப்பும் பேச்சே இல்லை.

மூன்றாவது, பழைய பங்குதாரர் ஒவ்வொரு பங்குக்கும் 10, 15 டாலர் ரொக்கம் கட்டினால்தான் புதுக் கம்பெனியில் இடம். கட்டாதவர் வெளியே. அந்தப் பணத்தில்தான் தண்டவாளம், என்ஜின் பழுதெல்லாம்.

கடைசியாக ஓட்டு டிரஸ்ட். பங்குதாரர்கள் தங்கள் பங்கை மூன்று முதல் ஐந்து டிரஸ்டிகளிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வார்கள். டிவிடெண்ட் அவர்களுக்கு, ஓட்டு டிரஸ்டிக்கு. பெரும்பாலும் ஐந்து வருடம். டிரஸ்டி யார் என்று கேட்கவே வேண்டாம். முதலில் புனரமைப்புக் கட்டணம், பிறகு கம்பெனியின் டெபாசிட் கணக்கு மார்கனிடம், அடுத்து வரும் எல்லாப் பத்திர வெளியீடும் மார்கன் வழியாக.

எங்கே இடறும்? கட்டாய வட்டி குறைகிறதே தவிர மொத்த மூலதனம் குறைவதில்லை. முகமதிப்பில் பார்த்தால் பெரும்பாலும் கூடியிருக்கும். பின்னால் வந்த முன்னுரிமைப் பங்கு, சாதாரணப் பங்கு எல்லாம் டிவிடெண்டுக்காகக் காத்திருக்கும். அந்த அழுத்தம் கட்டண உயர்வாகச் சரக்கு அனுப்புகிறவர் தலையில் விழும்.

இந்தக் கணக்குகளின் மூளை சார்ல்ஸ் காஸ்டர் என்ற கூட்டாளி. 59 கம்பெனிகளின் இயக்குநர் குழுவில் இருந்தார். 1900 மார்ச்சில், 47 வயதில் நிமோனியாவில் போய்விட்டார். மார்கன் கடையில் கூட்டாளி ஆவது எவ்வளவு கடுமையான வாழ்க்கை என்பதற்கு அவர் பெயரைத்தான் அன்றே சொன்னார்கள்.

#4 நாணயச்சாலை

தண்டவாளம் ஐயாவின் பதிவோடு 1895 தங்க ஒப்பந்தத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மார்கன் வாழ்க்கையில் மிக அதிகமாகத் திட்டு வாங்கியதும், தொழில்நுட்பமாக மிக அழகானதும் அதுதான் என்பது என் கருத்து.

அமெரிக்கக் கருவூலம் குறைந்தது 10 கோடி டாலர் தங்கம் வைத்திருக்க வேண்டும் என்பது வழக்கம். 1895 பிப்ரவரி தொடக்கத்தில் அது 4 கோடிச் சொச்சத்துக்கு வந்துவிட்டது. காரணம் எளிது: நோட்டைக் கொடுத்தால் தங்கம் தரவேண்டும், வாங்கியவர் கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்புவார், அந்த நோட்டு மறுபடி புழக்கத்துக்கு வந்து மறுபடி தங்கம் கேட்கும். கருவூலம் முன்பு இரண்டு முறை பத்திரம் விற்றுத் தங்கம் சேர்த்தது. ஆனால் வாங்கியவர்கள் கருவூலத்திலிருந்தே தங்கம் எடுத்துக் கருவூலத்துக்கே கட்டினார்கள். ஒரு கையில் ஊற்றி மறு கையில் அள்ளிய கதை.

ஐரோப்பிய வங்கிக் குடும்பமான ரோத்ஸ்சைல்டின் நியூயார்க் முகவர் ஆகஸ்ட் பெல்மான்ட்டும் மார்கனும் ஜனாதிபதி கிளீவ்லண்டைச் சந்தித்தது பிப்ரவரியில். காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) புதுப் பத்திரத்துக்கு ஒப்புதல் தரவில்லை. உள்நாட்டுப் போர்க் காலத்து 1862 சட்டம் ஒன்று, பத்திரம் கொடுத்து நாணயம் *வாங்கலாம்* என்று சொல்கிறது. கடன் வாங்குவதாக எழுதினால் காங்கிரஸ் வேண்டும். தங்கக் கொள்முதல் என்று எழுதினால் வேண்டாம். அப்படியே எழுதினார்கள்.

விவரம்: 35 லட்சம் அவுன்ஸ் தங்கம், மதிப்பு 6.5 கோடி டாலர். பதிலுக்கு 6.23 கோடி டாலர் முகமதிப்பில் 4%, 30 வருடப் பத்திரம், விலை 100 டாலர் முகமதிப்புக்கு ஏறத்தாழ 104½. தங்கத்தில் பாதியாவது ஐரோப்பாவிலிருந்து வரவேண்டும், மாதம் 3 லட்சம் அவுன்ஸ். இதற்கு மேல் ஒன்று: ஒப்பந்தம் முடியும் வரை கருவூலத்திலிருந்து தங்கம் வெளியேறாமல் சிண்டிகேட் தன்னால் ஆனமட்டும் காக்க வேண்டும்.

சந்தையில் பத்திரத்தை 112¼க்கு விற்றார்கள். நியூயார்க்கில் 22 நிமிடத்தில் தீர்ந்தது. 100 டாலருக்கு 7¾ டாலர் வித்தியாசம். நாடே கொதித்தது.

#5 கல்தூண்

> தங்கம் வெளியேறாமல் சிண்டிகேட் தன்னால் ஆனமட்டும் காக்க வேண்டும்

இதை ஒரு தனியார் கடை எப்படிச் செய்யும்? யாரும் நோட்டைக் கொடுத்துத் தங்கம் எடுக்கலாம்தானே?

#6 நாணயச்சாலை

எடுக்கலாம். ஆனால் லாபம் இருந்தால்தான் எடுப்பார்கள். நாணய எடைப்படி ஒரு பவுண்டு 4.8665 டாலர். லண்டனில் கடன் அடைக்க வேண்டியவருக்கு இரண்டு வழி: பவுண்டு உண்டியல் (லண்டனில் பவுண்டு பெற உதவும் எழுத்து ஆணை) வாங்கி அனுப்பலாம், அல்லது தங்கத்தையே கப்பலேற்றலாம். தங்கம் அனுப்பினால் கப்பல் கூலி, காப்பீடு, வழியில் போகும் நாட்களுக்கு வட்டி எல்லாம் சேர்த்து பவுண்டுக்கு இரண்டு சென்ட் சுமாருக்குச் செலவு. ஆகவே உண்டியல் விலை 4.89ஐ நெருங்கித் தாண்டினால் தங்கம் கப்பலேறும், அதற்குக் கீழே நின்றால் ஏறாது.

சிண்டிகேட் செய்தது இதுதான். நியூயார்க்கில் அந்நியச் செலாவணி வியாபாரம் செய்யும் பெரிய கடைகள் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டது. லண்டனில் கடன் வாங்கி, அந்தக் கடன்மீது உண்டியல் எழுதி, நியூயார்க்கில் தேவைக்கு ஏற்ப விற்றது. விலை ஏறப் பார்த்தால் சரக்கு வரும். அறுவடை முடிந்து பருத்தியும் கோதுமையும் ஏற்றுமதியானால் பவுண்டு தானாக வரும், அப்போது கடனை அடைத்துவிடலாம் என்பது திட்டம்.

தவறியதும் இங்கேதான். கோடைக்காலத்தில் சிண்டிகேட்டில் சேராத ஒரு காபி இறக்குமதிக் கடை, சிண்டிகேட் கேட்ட விலைக்குக் கீழே உண்டியல் விற்று, அதற்கு ஈடாகத் தங்கத்தைக் கப்பலேற்ற ஆரம்பித்தது. வேலியில் ஒரு ஓட்டை விழுந்தால் போதும். ஒப்பந்தத்தை முடித்துக் கொடுத்தார்கள். ஆனால் 1896 தொடக்கத்தில் அரசு மறுபடி 10 கோடிக்குப் பத்திரம் விற்க வேண்டி வந்தது. இந்த முறை பொதுமக்களிடம் ஏலம், கிடைத்த விலை சுமார் 111. முந்தின வருடம் 104½. இந்த ஆறரை டாலர் வித்தியாசத்தைத்தான் எதிர்ப்பாளர்கள் பிறகு எப்போதும் எடுத்துக் காட்டினார்கள். லாபம் எவ்வளவு என்று செனட் விசாரணையில் கேட்டபோது மார்கன் சொல்ல மறுத்துவிட்டார்.

#7 மறுகணக்கு

எல்லோரும் இயந்திரத்தின் அழகைச் சொல்கிறீர்கள். பில்லையும் பாருங்கள். கார்னெகி ஆலைகளையும் மற்ற எஃகு கம்பெனிகளையும் சேர்த்து மார்கன் உருவாக்கிய யு.எஸ். ஸ்டீல், 1901.

மொத்த மூலதனம் 140.28 கோடி டாலர். முன்னுரிமைப் பங்கு 51.02 கோடி, சாதாரணப் பங்கு 50.82 கோடி, கம்பெனிப் பத்திரம் 30.35 கோடி, உள்ளே வந்த ஆலைகளின் பழைய பத்திரங்களும் அடமானங்களும் மீதி. கையால் தொடக்கூடிய சொத்து எவ்வளவு என்று 1911இல் அரசின் கார்ப்பரேஷன் கமிஷனர் கணக்குப் போட்டார்: 68.2 கோடி. சாதாரணப் பங்கு முழுவதும் தண்ணீர், அதாவது பின்னால் சொத்தே இல்லாத காகிதம், முன்னுரிமைப் பங்கிலும் ஒரு பகுதி தண்ணீர். பால்காரர் ஊற்றினால் சண்டைக்குப் போவோம்.

பங்கு மாற்றிய விகிதம் பாருங்கள். அமெரிக்கன் ஸ்டீல் அண்ட் வயர் கம்பெனியின் 100 டாலர் முன்னுரிமைப் பங்குக்கு 117.50 டாலர் புது முன்னுரிமைப் பங்கு. 100 டாலர் சாதாரணப் பங்குக்கு 102.50 டாலர் புதுச் சாதாரணப் பங்கு. யாருமே குறைத்து வாங்கவில்லை. எல்லோருக்கும் கூட்டிக் கொடுத்தால்தான் எல்லோரும் வருவார்கள்.

சிண்டிகேட் 20 கோடிக்குப் பொறுப்பேற்றது. ரொக்கமாகக் கட்டியது 2.5 கோடி மட்டும். பதிலுக்கு இரண்டு வகையிலும் ஏறத்தாழ 6.5 லட்சம் பங்குகள். விற்று, போட்ட பணமும் செலவும் போக நின்ற லாபம் 6.25 கோடி. அதில் 20% நிர்வாகக் கூலியாக மார்கன் கடைக்கு, 1.25 கோடி. உறுப்பினர்களுக்கு 5 கோடி, அதாவது கட்டியதற்கு இருமடங்கு லாபம்.

சாதாரணப் பங்கு 38இல் ஆரம்பித்து 55 வரை போனது. 1904இல் 9க்கும் கீழே. 1903 கடைசியில் அதன் டிவிடெண்டை நிறுத்தினார்கள். சேமிப்பைப் போட்ட சாதாரண ஜனம் அந்த மூன்று வருடத்தில் என்ன ஆனது என்று எந்தப் பேரேட்டிலும் இல்லை.

#8 பேரேடு

மறுகணக்கு சொன்ன எண்கள் சரி. அவற்றின் உள்ளே கொஞ்சம் போகிறேன்.

கார்னெகி கேட்டது 48 கோடி. அது எப்படி வந்தது: அவர் கம்பெனியின் பத்திரம் 16 கோடி, முகமதிப்புக்கே, பங்கு 16 கோடி, 1,000 டாலர் பங்குக்கு 1,500 வீதம் 24 கோடி, போன வருட லாபமும் வரும் வருட லாபமும் சேர்த்து 8 கோடி. ஒரு தாளில் எழுதி அனுப்பினார், மார்கன் பேரம் பேசவில்லை. கார்னெகி தன் பங்குக்குப் பங்குகளைத் தொடவே இல்லை. 5% தங்கப் பத்திரம் மட்டும் வாங்கிக்கொண்டு நியூஜெர்சியின் ஹோபோக்கனில் ஒரு பெட்டக அறையில் வைத்தார். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று விற்றவருக்குத் தெரியும்.

இப்போது வருடக் கணக்கு. 30.35 கோடிக்கு 5% என்றால் 1.5 கோடி. முன்னுரிமைப் பங்கு 7% என்றால் 3.57 கோடி. இரண்டும் சேர்த்து 5 கோடிச் சொச்சம் முதலில் எடுத்து வைக்க வேண்டும். 1902 வருமானம் 13.3 கோடி, வசதி. 1904இல் 7.3 கோடி. அதில் தேய்மானம், பழைய பத்திர வட்டி போனால் இறுக்கம். அதனால்தான் சாதாரணப் பங்குக்கு நிறுத்தி, முன்னுரிமைக்கு 7% தவறாமல் கொடுத்தார்கள். ரயிலில் செய்த அதே ஏற்பாடு: அதிர்ச்சியைத் தாங்கும் பஞ்சு சாதாரணப் பங்கு. கம்பெனி திவாலாகவில்லை, பத்திர வட்டி தவறவில்லை. ஆனால் பஞ்சை 55க்கு வாங்கியவரிடம் அது பஞ்சு என்று யாரும் சொல்லவில்லை. அந்த இடத்தில் மறுகணக்கோடு நிற்கிறேன்.

#9 மறுகணக்கு

நன்றி. இன்னும் இரண்டு தோல்விகள், ஏனென்றால் முறை ஏன் எல்லா இடத்திலும் செல்லவில்லை என்று அவைதான் காட்டுகின்றன.

1902 கப்பல் கூட்டு, இன்டர்நேஷனல் மெர்க்கன்டைல் மரைன். டைட்டானிக்கின் ஒயிட் ஸ்டார் லைன் இதில் இருந்தது. ஒயிட் ஸ்டாருக்கு விலை 1900ஆம் வருட லாபத்தின் பத்து மடங்கு. அது தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போர் வருடம், ராணுவத்தை ஏற்றி இறக்கியே கப்பல்காரர்கள் சம்பாதித்த வருடம். உச்சத்தை அடிமட்டமாக வைத்து விலை போட்டார்கள். தண்டவாளம் சொன்ன முதல் விதியை மார்கன் தானே மீறினார். இரண்டாவது, ரயிலில் இரண்டு ஊருக்கு நடுவே யார் வேண்டுமானாலும் பாதை போட முடியாது. கடலில் யார் வேண்டுமானாலும் கப்பல் விடலாம். கியூனார்ட் என்ற பிரிட்டிஷ் கப்பல் கம்பெனி சேரவில்லை. பிரிட்டிஷ் அரசு அதற்கு 26 லட்சம் பவுண்டு கடனும் வருடம் 1.5 லட்சம் பவுண்டு மானியமும் கொடுக்க, லூசிடேனியா, மௌரிடேனியா என்ற கப்பல்கள் வந்தன. மார்கன் கூட்டின் பத்திரங்கள் சிண்டிகேட் கையிலேயே தேங்கின. 1915இல் ரிசீவர்.

நியூ ஹேவன் ரயில் இரண்டாவது. 1903 முதல் மெல்லன் என்பவரைத் தலைவராக வைத்து டிராம், நீராவிப் படகு என்று அமெரிக்காவின் வடகிழக்கான நியூ இங்கிலாந்தில் ஓடுகிற எல்லாவற்றையும் வாங்கினார்கள், போட்டி வரக்கூடாது என்பதற்காக. வாங்கிய விலைக்கு வருமானம் இல்லை. 1913இல் டிவிடெண்ட் நின்றது. அந்தப் பங்கை விதவைகளும் ஓய்வு பெற்றவர்களும் பாதுகாப்பானது என்று வைத்திருந்தார்கள்.

#10 தண்டவாளம்

> ரயிலில் இரண்டு ஊருக்கு நடுவே யார் வேண்டுமானாலும் பாதை போட முடியாது

போட முடியும், போட்டார்கள். அதுதான் 1885 சண்டை. நியூயார்க் சென்ட்ரலுக்கு எதிராக ஹட்சனின் மேற்குக் கரையிலேயே வெஸ்ட் ஷோர் பாதை. பதிலடியாக பென்சில்வேனியா ரயிலுக்கு எதிராக சவுத் பென்சில்வேனியா. மார்கன் இரு தரப்பையும் தன் கோர்செயர் படகில் ஏற்றி நாள் முழுக்கத் தண்ணீரில் வைத்துப் பேசி முடித்தார். வெஸ்ட் ஷோர் சென்ட்ரலுக்குப் போனது, சவுத் பென்சில்வேனியா பாதி தோண்டிய சுரங்கங்களோடு நின்றது. 1940இல் பென்சில்வேனியா டர்ன்பைக் சாலை அந்தச் சுரங்கங்களில் சிலவற்றின் வழியாகத்தான் திறந்தது.

1901 நார்தர்ன் பசிபிக் கார்னரையும் (வாங்கப் பங்கே கிடைக்காமல் போன நிலை) சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மார்கன் தூங்கிய இடம் அது. மொத்தம் 15.5 லட்சம் பங்கு: சாதாரணம் 8 லட்சம், முன்னுரிமை 7.5 லட்சம். போட்டி ரயில் முதலாளி ஹாரிமனும் கூன் லோப் என்ற வங்கிக் கடையும் சத்தமில்லாமல் வாங்கி, சாதாரணத்தில் 3.7 லட்சம், முன்னுரிமையில் 4.2 லட்சம் சேர்த்துவிட்டார்கள். கூட்டினால் 7.9 லட்சம், பாதிக்கு மேல். மார்கன் அப்போது பிரான்சில் எக்ஸ்-லே-பேன் வெந்நீர் ஊற்றில். ஆனால் ஒரு விதி இருந்தது: முன்னுரிமைப் பங்கை ஜனவரி 1 அன்று பணம் கொடுத்து ஒழித்துவிடலாம், முடிவு சாதாரணப் பங்குகாரர் கையில். ஆகவே எண்ணவேண்டியது 8 லட்சத்தின் பாதியை. ஹாரிமனுக்கு 30,000 பங்கு குறை. 40,000 வாங்கச் சொன்னார், சனிக்கிழமை, கூன் லோப்பின் ஷிஃப் யூத ஆலயத்தில் இருந்தார், ஆர்டர் போகவில்லை. திங்களும் செவ்வாயும் மார்கன் தரப்பு 1.5 லட்சம் வாங்கி முடித்தது.

இரு தரப்பும் விற்பதாக இல்லை. இல்லாத பங்கை விற்றிருந்த ஷார்ட்காரர்கள் மறுநாளே ஒப்படைக்க வேண்டும், அன்றைய நியூயார்க் வழக்கம் அது. மே 9 அன்று விலை 1,000 டாலர். பங்குக்காக மற்ற எல்லாவற்றையும் விற்றதால் சந்தை முழுக்கச் சரிந்தது. கடைசியில் இரு கடைகளும் ஷார்ட்காரர்களை 150இல் விட்டுவிட்டன.

#11 கல்தூண்

இவ்வளவும் தொழில். ஆள் எப்படி வாழ்ந்தார்?

#12 பேரேடு

வருடத்தில் மூன்று மாதமாவது ஐரோப்பா. முதல் மனைவி அமேலியா காசநோயில் 1862இல், கல்யாணமாகி நாலே மாதத்தில் இறந்தார். 1865இல் ஃபிரான்சிஸ் ட்ரேசி, நான்கு பிள்ளைகள். மூக்கில் தோல் நோய், அதனால் புகைப்படம் பிடிக்காது. உள்நாட்டுப் போருக்கு அழைப்பு வந்தபோது 300 டாலர் கட்டி விலகிக்கொண்டார். சட்டப்படிதான், ஆனால் இன்றும் உறுத்துகிற விஷயம்.

219 மேடிசன் அவென்யூ வீடு, 1882. நியூயார்க்கில் முழுக்க மின்விளக்கு போட்ட முதல் வீடு. எடிசன் ஆட்கள் குதிரை லாயத்துக்குக் கீழே நிலவறையில் நீராவி என்ஜினும் ஜெனரேட்டரும் வைத்தார்கள். மதியம் 3 மணிக்கு ஒருவர் வந்து கொதிகலனை மூட்டுவார், இரவு 11க்கு நிறுத்துவார். அதற்குமேல் விருந்தினர் இருந்தாலும் இருட்டுதான். அதிர்விலும் புகையிலும் பக்கத்து வீட்டுக்காரர் புகார். என்ஜினுக்கு அடியில் ரப்பர் வைத்து, புகையைத் திருப்பிவிட்டார்கள். பிறகு நூலக மேசைக்குப் போன கம்பியில் தீப்பிடித்தது. எல்லாவற்றையும் மாற்றிப் போடச் சொன்னாரே தவிர, பிடுங்கச் சொல்லவில்லை. பத்து வருடம் கழித்து ஜெனரல் எலக்ட்ரிக் உருவாக்கத்தில் பணம் போட்ட கை இதுதான்.

#13 நாணயச்சாலை

அந்த வீட்டுக்குப் பக்கத்தில் கட்டிய நூலகம்தான் (1902-06, கட்டடக் கலைஞர் மெக்கிம்) 1907 வங்கி நெருக்கடியில் நாட்டின் மத்திய வங்கியாக இருந்தது. சலவைக் கற்களைச் சாந்து இல்லாமல் பொருந்தும்படி செதுக்க, கூடுதலாக 50,000 டாலர் செலவழித்த கட்டடம்.

நோய் எங்கே என்றால் டிரஸ்ட் கம்பெனிகளில், வங்கி போலவே டெபாசிட் வாங்கிய கடைகள் அவை. நியூயார்க்கின் தேசிய வங்கிகள் 25% கையிருப்பு வைக்க வேண்டும். டிரஸ்ட் கம்பெனிக்கு 15%, அதிலும் மூன்றில் ஒரு பங்குதான் ரொக்கம், அதாவது டெபாசிட்டில் 5%. வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்து, ஒன்றையொன்று தாங்கும் கிளியரிங் ஹவுசிலும் சேர்ந்திருக்கவில்லை. அக்டோபர் 22 அன்று நிக்கர்பாக்கர் டிரஸ்ட் சில மணி நேரத்தில் 80 லட்சம் கொடுத்துவிட்டுக் கதவை மூடியது.

மறுநாள் கூட்டம் டிரஸ்ட் கம்பெனி ஆஃப் அமெரிக்கா வாசலில். பென்ஜமின் ஸ்ட்ராங் என்ற இளம் வங்கியாளரை அனுப்பி முந்தின இரவே கணக்கைப் பார்த்துவிட்டார் மார்கன்: சொத்து இருக்கிறது, ரொக்கம் இல்லை. பத்திரங்களைப் பைகளில் கொண்டுவந்து அவர் முன் மேசையில் கொட்டினார்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, ஒரு சிறு தாளில் ஈடாக ஏற்கும் மதிப்பை எழுதிக் கூட்டுவார். கூட்டல் ஒரு தொகையைத் தொட்டதும் ஸ்டில்மேனின் நேஷனல் சிட்டி வங்கிக்குச் சொல்லி அந்த அளவு ரொக்கம் அனுப்பச் செய்வார். மறுபடி அடுத்த பை. அங்கே கவுண்ட்டரில் காசாளர்கள் வேண்டுமென்றே மெதுவாக எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்கு நேரம் முடியும் வரை தாக்குப்பிடித்தது.

24ஆம் தேதி பங்குச்சந்தைத் தலைவர் ஓடி வருகிறார்: கேட்டவுடன் திருப்பும் கடனுக்கு 100% வட்டி சொல்லியும் பணம் இல்லை, மூடப்போகிறோம். மூடக்கூடாது, மூடினால் ஈடாக இருக்கும் எல்லாப் பங்கும் விலையில்லாமல் போகும். வங்கித் தலைவர்களைக் கூப்பிட்டு, இரண்டேகால் மணிக்குள் 2.36 கோடி சேர்த்தார்.

நவம்பர் 2 இரவு நூலகம். வங்கித் தலைவர்கள் கிழக்கு அறை, டிரஸ்ட் தலைவர்கள் மேற்கு அறை, மார்கன் நூலகர் அறையில் சீட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். வெளிக் கதவு பூட்டி, சாவி அவர் பையில். டிரஸ்ட்கள் தங்களுக்குள் 2.5 கோடி போட்டு பலவீனமானவற்றைத் தாங்க வேண்டும். விடியற்காலை ஐந்து மணி நெருங்கும்போது யூனியன் டிரஸ்டின் எட்வர்ட் கிங் கையில் பேனாவைக் கொடுத்தார், அவர் கையெழுத்து போட்டதும் மற்றவர்களும் போட்டார்கள்.

#14 மறுகணக்கு

அதே இரவின் மறுபக்கம் டென்னசி கோல் அண்ட் அயர்ன். மூர் அண்ட் ஷ்லி என்ற தரகர் கடை அந்தக் கம்பெனிப் பங்கை ஈடு வைத்து ஏராளமாகக் கடன் வாங்கியிருந்தது. அந்தப் பங்கு சந்தையில் விற்காது. யு.எஸ். ஸ்டீல் ரொக்கம் கொடுக்கவில்லை, தன் பத்திரத்தைக் கொடுத்தது: 100 டாலர் பங்குக்கு 119 டாலர் முகமதிப்புப் பத்திரம், 84 விலையில் கணக்கிட்டு. கடன் கொடுத்தவர்களிடம் விற்காத ஈட்டுக்குப் பதில் விற்கிற ஈடு. கடை பிழைத்தது. அந்த ஈடு மாற்றத்தில் யு.எஸ். ஸ்டீலுக்கு அலபாமாவின் நிலக்கரியும் இரும்புத் தாதும் ஒரு போட்டிக் கம்பெனியும் கிடைத்தன. யு.எஸ். ஸ்டீலின் கேரியும் ஃப்ரிக்கும் இரவு ரயிலில் வாஷிங்டன் போய், திங்கள் காலை சந்தை திறப்பதற்குள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் தடையில்லை என்ற பதிலை வாங்கினார்கள். காப்பாற்றியது உண்மை, வாங்கியதும் உண்மை. நெருக்கடியில் நடுவராக உட்கார்ந்தவர் வாங்குபவராகவும் இருந்தால் விலை நியாயமானதா என்று யார் சொல்வது?

#15 பேரேடு

அந்தக் கேள்வியைத்தான் 1912 டிசம்பரில் பூஜோ குழு என்ற காங்கிரஸ் விசாரணைக் குழுவில் அதன் வழக்கறிஞர் சாமுவேல் அன்டர்மையர் கேட்டார். அந்த விசாரணையில் வந்த கணக்கு: மார்கன் கடை, ஃபர்ஸ்ட் நேஷனல், நேஷனல் சிட்டி, பாங்கர்ஸ் டிரஸ்ட், காரன்டி டிரஸ்ட் என்ற ஐந்து நிதி நிறுவனங்களின் ஆட்களுக்கு 112 கம்பெனிகளில் 341 இயக்குநர் நாற்காலிகள். அந்தக் கம்பெனிகளின் மொத்த வளம் 2,200 கோடி டாலர். மார்கன் கடையின் டெபாசிட் 16.2 கோடி, அதில் பாதி அளவு பெரிய கம்பெனிகள் போட்ட பணம், அவற்றில் பலவற்றில் மார்கன் ஆட்களே இயக்குநர்கள். கல்தூண் கேட்ட 6.8 கோடிக்கும் 140 கோடிக்கும் நடுவே இருந்த படிக்கட்டு இந்த மூன்று எண்களும்தான்.

கடன் கொடுப்பது சொத்தைப் பார்த்தா என்று கேட்டபோது, முதலில் பார்ப்பது ஆளின் குணத்தை என்றார் மார்கன். மூன்று மாதம் கழித்து ரோமில் இறந்தார். மத்திய வங்கிச் சட்டம் 1913 டிசம்பரில் வந்தது. நியூயார்க் ரிசர்வ் வங்கியின் முதல் ஆளுநர், அந்தப் பைகளின் கணக்கை இரவில் பார்த்த அதே பென்ஜமின் ஸ்ட்ராங். 1914 ஜனவரியில் மகன் ஜாக் மார்கனும் கூட்டாளிகளும் சுமார் 30 கம்பெனிகளின் நாற்காலிகளிலிருந்து எழுந்துகொண்டார்கள்.